கட்டுகிற கைக்குக் கணக்கு வேண்டும்

(கட்டடத் தொழிலில் ஆள் பற்றாக்குறை குறித்து திருப்பூர் நல்லூரில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

வேலை விட்டதும் சிமென்ட் படிந்த கையைக் கழுவிக்கொண்டு நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கிற கொத்தனார் அண்ணன்மார்களே, சித்தாள் அக்காமார்களே, டீக்கடை ஓரத்தில் தயங்கி நிற்கிற பீகார், ஒடிசா, வங்காளத்துத் தம்பிகளே! தம்பிகளா, முன்னால் வாங்க. நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. இன்றைக்குப் பேசப்போவது உங்களைப் பற்றித்தான்.

எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஒரு கோரிக்கை வைத்தார். வடக்கிலிருந்து வருகிறவர்களைத் தடுக்க வேண்டும், நாகாலாந்தில் இருப்பது போல உள்நுழைவு அனுமதிச் சீட்டு தமிழ்நாட்டுக்கும் வேண்டும் என்றார். கைதட்டலும் விழுந்தது. அதற்குப் பதில் சொல்லாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்க மாட்டேன்.

அந்தச் சீட்டு 1873-இல் வெள்ளைக்காரன் வங்காளத்தின் கிழக்கு எல்லைக்காகப் போட்ட சட்டத்திலிருந்து வருகிறது. இன்றைக்கு அருணாசலப் பிரதேசம், நாகாலாந்து, மிசோரம், 2019-க்குப் பிறகு மணிப்பூர் ஆகிய இடங்களில் இருக்கிறது. அங்கே இருக்கிற சின்னச் சின்னப் பழங்குடிகள் தங்கள் நிலத்தைக் காப்பாற்றக் கேட்கிறார்கள், அது அவர்கள் நியாயம். நம் திருப்பூர் அப்படிப்பட்ட ஊரா? ஆண்டுக்குப் பல்லாயிரம் கோடி ரூபாய்க்குப் பனியன் ஏற்றுமதி செய்கிற ஊர் இது. மதுரையிலிருந்தும் தேனியிலிருந்தும் சேலத்திலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கியவர்கள் கட்டிய ஊர். இந்தக் கூட்டத்தில் மூன்று தலைமுறையாக நல்லூரிலேயே இருப்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றால் எத்தனை கை எழும்? காங்கேயம் ரோட்டில் வாடகைக்கு வீடு தேடியவர்கள்தானே நம்மில் பாதிப் பேர்?

சட்டம் என்ன சொல்கிறது? அரசியல் சாசனத்தின் 19-ஆவது பிரிவு, நாட்டுக்குள் எங்கும் போகவும் எங்கும் குடியிருக்கவும் எந்தத் தொழிலும் செய்யவும் குடிமகனுக்கு உரிமை தருகிறது. ஹரியானாவில் தனியார் வேலையில் 75 சதவீதம் உள்ளூர்க்காரர்களுக்கே என்று சட்டம் போட்டார்கள். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நிற்காத சட்டத்தைக் கேட்டு நம் பிள்ளைகளின் கோபத்தை வீணடிக்கக் கூடாது என்று நண்பருக்கு மரியாதையோடு சொல்கிறேன்.

சரி, அவர் கேட்டபடியே நாளைக் காலை ரயிலை நிறுத்திவிட்டோம் என்று வையுங்கள். தன்பாத் எக்ஸ்பிரஸில் ஒருவரும் இறங்கவில்லை. நல்லூரில் யார் தளம் போடுவார்கள்?

தளம் போடுகிற நாளில் ஒரு வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். விடிவதற்கு முன்பே மிக்சர் மெஷின் வந்து நிற்கும். சென்ட்ரிங் பலகை அடித்து முட்டுக் கொடுத்திருப்பது ஒடிசா ஆட்கள். கம்பி கட்டியிருப்பது பீகார் ஆட்கள். சட்டி கைமாறுகிற வரிசையில் பாதி நம் பெண்கள், மீதி வங்காளத்துப் பையன்கள். வைப்ரேட்டர் பிடிக்கிற பையனுக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும். காலில் ரப்பர் செருப்பு. ஈரக் கான்கிரீட்டில் நாள் முழுக்க நின்று விரலிடுக்கெல்லாம் வெந்து போயிருக்கும். மதியம் வீட்டுக்காரர் மனசாரச் சாப்பாடு போடுவார், அதில் குறை சொல்ல மாட்டேன். சாயங்காலம் மேஸ்திரி நோட்டை எடுப்பார். நம் ஆட்களுக்குப் பேர் எழுதிப் பேருக்கு நேரே பணம் எழுதுவார். அவர்களுக்கு என்ன எழுதுவார் தெரியுமா? ‘இந்திக்காரங்க – 7’. அவ்வளவுதான். ஏழு பேருக்கும் தாய் தகப்பன் வைத்த பேர் இருக்கிறது. நோட்டில் இல்லை.

இந்த ஏழு பேர் ஏன் வந்தார்கள்? நம் வீட்டில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், முதல் காரணம் அதுதான். 2020-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.4 பிள்ளை. பீகாரில் 3. நமக்குப் பிறந்த ஒன்றிரண்டையும் படிக்க வைத்தோம். கொத்தனார் மகன் இன்றைக்கு டிப்ளமோ படித்துவிட்டு மெர்ச்சண்டைசராகப் போகிறான், கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறான். அதற்காகத்தானே அவன் அப்பன் முதுகொடிய வேலை செய்தான்? அவனைத் திரும்பக் கரணை பிடிக்கச் சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். கொத்தனார் கிடைக்கவில்லை, கொத்தனார் கிடைக்கவில்லை என்று எல்லா என்ஜினியரும் புலம்புகிறீர்களே, உங்கள் தளத்திலேயே இருபது வருஷமாகக் கலவை சுமக்கிற அக்காவை ஒரு நாள் கூப்பிட்டு, இந்தாம்மா கரணை, இந்தா ரசமட்டம், இந்தச் சுவரை நீ கட்டு என்று சொன்னீர்களா? எந்தக் கலவைக்கு எவ்வளவு தண்ணீர் என்று அவளுக்குக் கண்ணாலேயே தெரியும். பூச்சு வேலையில் எங்கே உப்பும், எங்கே வெடிக்கும் என்று கொத்தனாருக்கு முன்னால் அவள் சொல்வாள். சித்தாளாக வந்தவள் சித்தாளாகவே ஓய்ந்து போகிறாள். அவளோடு வேலைக்குச் சேர்ந்த பையன் ஐந்தே வருஷத்தில் கொத்தனாராகி இரட்டைக் கூலி வாங்குகிறான். ஆள் பஞ்சம் என்று பேசுகிற ஊரில், தொழில் தெரிந்த கைகளைச் சட்டி சுமக்க மட்டும் வைத்திருப்பது அநியாயம். இது பீகார்க்காரன் செய்த அநியாயம் இல்லை. நாம் செய்தது. (கைதட்டல்)

அடுத்து, கூலியைக் கெடுக்கிறான் என்கிறார்கள். இந்தக் குற்றச்சாட்டை நான் தள்ளிவிட மாட்டேன், ஏனென்றால் இதைச் சொல்கிற கொத்தனாரின் வயிற்றெரிச்சல் உண்மையானது. ஆனால் கூலியை யார் கெடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு ஒரு கணக்கு. வீட்டுக்காரர் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் கொடுக்கிறார். ஆள் கூட்டி வந்த ஏஜென்ட் அவன் கையில் எழுநூறு கொடுக்கிறான். ரயில் செலவு, முன்பணம், தங்குகிற தகர ஷெட்டுக்கு வாடகை என்று அதிலும் பிடிக்கிறான். எட்டு மணி நேர வேலையைப் பன்னிரண்டு மணி நேரமாக்குகிறான். தட்டிக் கேட்டால், போடா உன் ஊருக்கு என்கிறான். இப்படி ஒரு ஆள் கிடைக்கும்போது, எட்டு மணிக்கு வந்து ஐந்து மணிக்குக் கை கழுவுகிற நம் ஆளை எவன் கூப்பிடுவான்? நம் கூலியைத் தின்றவன் அந்த எழுநூறு வாங்கியவனா, நடுவில் முந்நூறைச் சுருட்டியவனா? அந்தத் தம்பிக்கும் ஆயிரம் கிடைத்துவிட்டால், அவனுக்கும் எட்டு மணி நேரம் என்று ஆகிவிட்டால், அவனை வைத்து உங்கள் கூலியை யாராலும் இறக்க முடியாது. இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனதில் ஏற்றிக்கொண்டு போங்கள், எனக்குப் போதும்.

இதற்குச் சட்டமே இல்லையா என்றால், இருந்தது. ஒடிசாவில் தாதன் முறை என்று ஒன்று. ஏஜென்ட் ஊர் ஊராகப் போய் முன்பணம் கொடுத்து ஆள் பிடித்து வெளி மாநிலத்துக்கு ஓட்டிப் போவான். அந்தக் கொடுமையைப் பார்த்துத்தான் 1979-இல் நாடாளுமன்றம் மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளர் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஐந்து பேரை வைத்து வேலை வாங்கினாலே சட்டம் பொருந்தும். காண்டிராக்டருக்கு லைசென்ஸ் வேண்டும். தொழிலாளி கையில் போட்டோ ஒட்டிய பாஸ்புக் இருக்க வேண்டும். அதே வேலை செய்கிற உள்ளூர் ஆளுக்கு என்ன கூலியோ அதே கூலி. வந்து போகிற வழிச்செலவு, ஊர் விட்டு வந்ததற்குத் தனிப்படி, தங்க இடம், மருத்துவம். காண்டிராக்டர் கொடுக்காமல் போனால் வேலை வாங்கிய முதலாளி கொடுக்க வேண்டும். அருமையான சட்டம். நாற்பது வருஷத்துக்கு மேல் இருந்தது. நல்லூரில் எந்த மேஸ்திரியாவது அந்தப் பாஸ்புக்கைக் கண்ணால் பார்த்திருக்கிறாரா?

அந்தச் சட்டம் ஏட்டோடு நின்றதன் விலையை 2020-இல் பார்த்தோம். மார்ச் 24 ராத்திரி ஊரடங்கு அறிவித்தார்கள். மே 1 வரைக்கும் சிறப்பு ரயில் கிடையாது. எத்தனை பேர் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று யாரிடமும் பட்டியல் இல்லை. பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். வழியில் எத்தனை பேர் செத்தார்கள் என்று நாடாளுமன்றத்தில் கேட்டபோது, அப்படிக் கணக்கு எதுவும் இல்லை என்று அந்தச் செப்டம்பரில் ஒன்றிய அரசு பதில் சொன்னது. உயிரோடு இருந்தபோது பேர் எழுதாதவர்களிடம் செத்த கணக்கு எப்படி இருக்கும்? அதே வருஷம், வேலை மறுபடி தொடங்கியதும், விமான டிக்கெட் போட்டு ஆட்களைத் திரும்ப அழைத்த கட்டடக் கம்பெனிகள் உண்டு.

பிறகாவது சட்டத்தைப் பலப்படுத்தினார்களா? பழைய சட்டத்தை எடுத்துவிட்டு, 2020-இல் நிறைவேற்றிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களை 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அதில் ஒரு நல்லது இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஏஜென்ட் இல்லாமல் தானாக ரயிலேறி வருகிறவனும் புலம்பெயர் தொழிலாளி என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் ஐந்து பேர் என்றிருந்த எல்லையைப் பத்தாக்கிவிட்டார்கள். ஊர் விட்டு வந்ததற்கான தனிப்படியை எடுத்துவிட்டார்கள். என்ஜினியர் அண்ணன்களே, நீங்களே சொல்லுங்கள், நல்லூரில் சொந்த வீடு கட்டுகிற எந்தத் தளத்தில் வெளிமாநில ஆட்கள் பத்துப் பேர் இருக்கிறார்கள்? ஆறு பேர், ஏழு பேர். நான் சொன்ன அந்த ஏழு பேரும் இந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார்கள்.

ஆகவே டெல்லியைப் பார்த்துக்கொண்டே உட்கார வேண்டாம் என்கிறேன். நம்மிடம் நம் சட்டம் இருக்கிறது. 1982-இல் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம். அதன் கீழ் 1994-இல் வந்த கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம். வீடு கட்ட பிளான் அப்ரூவல் வாங்கும்போது கட்டட மதிப்பில் 1 சதவீதம் நல நிதியாகக் கட்டுகிறீர்களே, அந்தப் பணம் அங்கேதான் போகிறது. உங்கள் வீட்டுக்குக் கம்பி கட்டிய பீகார் தம்பியின் உழைப்புக்கும் சேர்த்துத்தான் அதைக் கட்டுகிறீர்கள். அவன் பேரில் பணம் வாங்குகிற வாரியத்தில் அவன் பேர் இருக்க வேண்டுமா, இல்லையா? நாடு முழுக்க இப்படி வசூலான 37,000 கோடிக்கு மேற்பட்ட தொகையில் 10,000 கோடிகூடத் தொழிலாளிக்குப் போகவில்லை என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே கடிந்துகொண்டது. பணம் இருக்கிறது. பேர்தான் இல்லை.

பேர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னைப் பக்கத்து மௌலிவாக்கம் ஒன்று போதும். 2014 ஜூன் 28, சனிக்கிழமை சாயங்காலம், மழை. கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடி அப்படியே உட்கார்ந்தது. 61 பேர் செத்தார்கள். விஜயநகரத்திலிருந்தும் ஸ்ரீகாகுளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள், நம் தமிழர்களும் அதில் உண்டு. கூலி நாள் என்பதால் தரைத்தளத்தில் கூடியிருந்தவர்கள் பலர் என்று அப்போது சொன்னார்கள். உள்ளே எத்தனை பேர் என்ற கேள்விக்கே முதலில் தெளிவான பதில் இல்லை. இடிபாட்டுக்குள் தமிழ் ரத்தம், தெலுங்கு ரத்தம் என்று தனித்தனியாகவா இருந்தது?

நம் பிள்ளைகள் வெளியே போனபோது என்ன கேட்டோம் என்பதையும் நினைத்துப் பாருங்கள். புதுக்கோட்டை, சிவகங்கை, மன்னார்குடிப் பக்கத்துப் பையன்கள் கட்டட வேலைக்குச் சிங்கப்பூர் போகிறார்கள். ஏஜென்டுக்கு லட்சக்கணக்கில் கொடுத்து, சோதனைத் தேர்வு எழுதிப் பாஸ் பண்ணிப் போகிறார்கள். அங்கே ஒவ்வொரு ஆளுக்கும் முதலாளி 5,000 வெள்ளி பிணைப்பணம் அரசிடம் கட்ட வேண்டும், மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். ஆள் யார், எங்கே தங்குகிறான், யார் பொறுப்பு என்று எழுத்தில் இருக்கிறது. அதை நாம் கற்றுக்கொள்ளலாம். ஆனால் அனுமதி ஒரே முதலாளியோடு கட்டிப் போட்டிருக்கிறது, அவர் வேண்டாம் என்றால் பெட்டி கட்ட வேண்டியதுதான். அதனால் பையன் வாய் திறப்பதில்லை. லாரியின் பின்புறத்தில் உட்கார்ந்து வேலைக்குப் போகிறான். 2020-இல் கொரோனா வந்தபோது, தொழிலாளர் விடுதிகளில் இருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரைத் தொற்றியது, அவ்வளவு நெருக்கம். குவைத்தில் 2024 ஜூனில் தொழிலாளர் குடியிருப்பு தீப்பிடித்து 45 இந்தியர்கள் செத்தார்களே, அதில் ஏழு பேர் தமிழர்கள். உடல் வந்து இறங்கியபோது நாம் அழுதோம். தகர ஷெட்டில் பத்துப் பேரை அடைத்துக் கதவோரம் கேஸ் அடுப்பு வைத்துச் சமைக்கவிட்டிருக்கிறோமே, அது எந்த ஊரில்? குவைத்திலா?

இலங்கை மலையகத்தை மறக்க முடியுமா? கங்காணி கூட்டிப் போன நம் சனம் தேயிலை நட்டு அந்த நாட்டைச் செல்வமாக்கியது. 1948-இல் ஒரே சட்டத்தில் குடியுரிமை போயிற்று. 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலைகளை எண்ணிப் பங்கு போட்டார்கள். உழைப்பு வேண்டும், ஆள் வேண்டாம் என்ற அரசியலில் அடிபட்ட இனம் நாம். அதே அரசியலை இங்கே நாம் செய்ய நான் சம்மதிக்க மாட்டேன்.

பக்கத்து உதாரணம் வேண்டுமா? கேரளா. ஒரு காலத்தில் கொச்சியிலும் திருச்சூரிலும் வானம் தோண்டியதும் கல் சுமந்ததும் நம் ஆட்கள். இங்கே கூலி ஏறியதும் நாம் போவதை நிறுத்தினோம், அந்த இடத்துக்கு வங்காளத்துக்காரர்கள் வந்தார்கள். அந்த அரசு 2017-இல் ஆவாஸ் என்று வெளிமாநிலத் தொழிலாளர்களுக்குக் காப்பீடு கொண்டுவந்தது. வாளையாறு தாண்டினால் கஞ்சிக்கோட்டில் அவர்கள் தங்குவதற்கென்றே விடுதி கட்டியது. எல்லாம் சரியாக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தொடங்கினார்கள்.

நாமோ வதந்திக்குப் பயந்துகொண்டிருந்தோம். 2023 மார்ச்சில் பீகார்க்காரர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோ பரப்பினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே திருப்பூருக்கு வந்து விசாரித்துப் போனது. உண்மை இல்லை என்று தெரிந்தது. ஆனால் அதற்குள் பயந்து ரயிலேறியவர்கள் ஏறிவிட்டார்கள், கம்பெனியும் தளமும் தள்ளாடின. ஒரு போன் வீடியோவுக்கு ஒரு தொழிலே ஆடுகிறதென்றால், அந்தத் தொழிலாளிக்கும் இந்த ஊருக்கும் நடுவில் எழுத்துப்பூர்வமான உறவு எதுவும் இல்லை என்றுதான் அர்த்தம்.

பங்களாதேஷ்காரர்கள் ஊடுருவுகிறார்களே என்று கேட்கிறீர்கள். ஆவணமில்லாமல் எல்லை தாண்டி வந்தவர்களைப் பல்லடத்திலும் திருப்பூரிலும் போலீஸ் பிடித்திருக்கிறது, அதற்குச் சட்டம் இருக்கிறது. ஆனால் முர்ஷிதாபாத்திலிருந்தும் மால்டாவிலிருந்தும் வருகிற இந்தியத் தொழிலாளியை, பேசுகிற மொழியைக் கேட்டுச் சந்தேகப்படுவது அக்கிரமம். எல்லாரையும் வாரியத்தில் பதிவு செய்தால் யார் எவர் என்ற கேள்வியே எழாது. பதிவுக்குப் பயப்படுகிறவன் தொழிலாளி இல்லை, ஏஜென்ட்.

கேட்கிறது இதுதானுங்க. நல்லூர் மண்டலத்தில் வேலை நடக்கிற தளத்துக்கே வந்து வாரியம் பதிவு செய்ய வேண்டும், இந்தியிலும் ஒடியாவிலும் வங்காள மொழியிலும் படிவம் வேண்டும். இங்கே தெரிந்த அதிகாரியிடம் சான்று வாங்கி வா என்று நேற்று வந்தவனை அலையவிடக் கூடாது, வேலை கொடுக்கிறவர் கையெழுத்தே போதும் என்று ஆக்க வேண்டும். ஆள் கூட்டி வருகிற ஒவ்வொருவருக்கும் லைசென்ஸ், பத்துப் பேர் கணக்கெல்லாம் வேண்டாம், ஒரு ஆள் என்றாலும் லைசென்ஸ். கூலி தொழிலாளியின் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும். சித்தாளாகப் பத்து வருஷம் வேலை செய்த பெண்களுக்கு வாரியச் செலவில் கொத்தனார் பயிற்சி, பயிற்சி நாட்களுக்குக் கூலி, முடித்ததும் சான்றிதழ், மாநகராட்சிக் கட்டட வேலைகளில் அவர்களுக்கு இடம்.

இதை மனுவாக எழுதி வைத்திருக்கிறோம். திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுக்கப் போகிறோம். மேடைக்கு இடப்பக்கம் மேசை போட்டிருக்கிறது. முதல் கையெழுத்து நம் கொத்தனார் சங்கத்துப் பெரியவர் போடுகிறார். அடுத்தது அக்காமார்கள் வாங்க. தம்பிகளா, நீங்களும் வரிசையில் நில்லுங்க. உங்கள் பேரை உங்கள் மொழியிலேயே எழுதலாம், அப்பா பேர், ஊர், மாவட்டம் எல்லாம் முழுசாக எழுதுங்க. நடுவில் மேஸ்திரி யாராவது வந்து தடுத்தால் என்னைக் கூப்பிடுங்க, வரிசை முடிகிற வரைக்கும் நான் மேசைக்குப் பக்கத்திலேயே இருக்கிறேன்.